முதல் நட்டம் யாருடையது? நொடித்த நிறுவனங்களை அரசு மீட்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

ஒரு பெரிய வங்கியோ தொழில் நிறுவனமோ நொடித்துப்போய் அரசின் வாசலில் வந்து நிற்கும்போது, காப்பாற்றுவதா, விட்டுவிடுவதா என்ற கேள்வியுடன்தான் விவாதம் தொடங்குகிறது. கேள்வியே பிழையாகக் கேட்கப்படுகிறது என்பது என் நெடுநாள் எண்ணம். நட்டம் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. அரசு என்ன செய்தாலும் அது மறையப்போவதில்லை. அதை யார் தலையில், எந்த வரிசையில் இறக்கிவைப்பது என்பது மட்டுமே இனித் தீர்மானிக்க வேண்டியது. மீட்பு என்ற ஒரே சொல்லின் கீழ் முற்றிலும் வேறுபட்ட பல காரியங்கள் நடக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எதை எப்போது ஏற்கலாம், எதை எப்போதும் ஐயத்துடன் பார்க்க வேண்டும் என்று என் பார்வையில் சொல்ல முயல்கிறேன். நான் பொருளியல் அறிஞன் அல்லன். தணிக்கை அலுவலகம் ஒன்றில் சில ஆண்டுகள் கடன் கோப்புகளைப் புரட்டியவன். என் ஐயங்களும் பேரேட்டிலிருந்து பிறந்தவையே.

முதலில் ஒரு சிறு கணக்கு. ஒரு வங்கி கொடுத்த கடன்களும் வாங்கிவைத்த பத்திரங்களும் சேர்ந்து 100 என்று வைத்துக்கொள்வோம். அந்த 100இல் பங்குதாரர்களின் மூலதனம் 6. வங்கி வெளியிட்ட கடன் பத்திரங்களை வாங்கியவர்கள் கொடுத்தது 14. காப்பீடு உள்ள சிறு வைப்புகள் 50. காப்பீட்டு வரம்பைத் தாண்டிய பெரிய வைப்புகள் 30. இப்போது கொடுத்த கடனில் 15 வாராக்கடன் ஆகிவிட்டது. சட்டம் சொல்லும் வரிசைப்படி பங்குதாரர்களின் 6 முழுவதும் போகும். மீதி 9 பத்திரதாரர்களின் 14இலிருந்து போகும். வைப்பு வைத்தவர் எவருக்கும் ஒரு காசும் குறையாது. வரி செலுத்துபவர் இந்தக் கணக்குக்குள் நுழையவே வேண்டியதில்லை. மாறாக, அரசு 15ஐக் கொண்டுவந்து கொட்டினால் என்ன ஆகும்? வைப்புகள் எப்படியும் பாதுகாப்பாகத்தான் இருந்தன என்பதால், அந்தப் பணத்தில் 6 பங்குதாரர்களுக்கும் 9 பத்திரதாரர்களுக்கும் போய்ச் சேர்கிறது. மறுநாள் செய்தியில் மட்டும் அது ‘வைப்பாளர்களைக் காக்க அரசு நிதி’ என்று வரும்.

இவ்வளவு எளிய கணக்கை அரசுகள் ஏன் பின்பற்றுவதில்லை என்பதற்கும் நியாயமான விடை உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. முடிவெடுக்க வேண்டிய அந்தச் சனி, ஞாயிறில் நட்டம் 15ஆ 25ஆ என்பது யாருக்கும் தெரிவதில்லை. 25 என்றால் பெரிய வைப்பாளர்களின் 30இலிருந்து 5 போகும். அப்படி ஒரு வதந்தி கிளம்பினாலே போதும், திங்கட்கிழமை காலையில் அவர்கள் அனைவரும் பணத்தை எடுக்க நிற்பார்கள். அந்த 14 மதிப்புள்ள பத்திரங்களை வேறு வங்கிகளும் ஓய்வூதிய நிதிகளும் வைத்திருக்கலாம் என்பதால் ஒருவரின் நட்டம் அடுத்தவரின் நட்டமாகத் தொடரவும் கூடும். இந்த அச்சம் உண்மையானது. ஆனால் வரிசையைக் கலைக்க வேண்டும் என்று விரும்புபவர்கள் முதலில் கையில் எடுப்பதும் இதே அச்சத்தைத்தான்.

அப்படியே விட்டுவிடுவது என்ற வழியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கியின் பெயர் வந்துவிடும். 2008 செப்டம்பர் 15 அன்று அந்த நிறுவனம் மஞ்சள் கடுதாசி கொடுத்தது. மறுநாளே, பலரின் பணத்தைத் திரட்டிக் குறுகிய காலக் கடன் சீட்டுகளில் போடும் ரிசர்வ் பிரைமரி என்ற பணச்சந்தை நிதி, தன்னிடம் இருந்த 78.5 கோடி டாலர் லேமன் கடன் சீட்டுகளின் மதிப்பைப் பூஜ்யமாக எழுதியது. அதனால் ஒரு டாலருக்கு ஒரு டாலர் திரும்பக் கிடைக்கும் என்று எல்லோரும் நம்பியிருந்த அதன் பங்கின் விலை 97 சென்ட் ஆனது. நட்டம் என்னவோ 3 சென்ட்தான். ஆனால் அந்த 3 சென்ட்டைப் பார்த்து நாடு முழுவதும் இத்தகைய நிதிகளிலிருந்து பணம் வெளியேறத் தொடங்கியது; அந்த வாரம் முடிவதற்குள் அமெரிக்கக் கருவூலம் பணச்சந்தை நிதிகளுக்கு உத்தரவாதம் அறிவிக்க வேண்டியதாயிற்று. ‘பார்த்தீர்களா, விட்டுவிட்டால் இதுதான் கதி’ என்று இன்றுவரை இதைக் காட்டுகிறார்கள். எனக்கு இதிலிருந்து வேறொன்றும் தெரிகிறது. ஆறு மாதங்களுக்கு முன், அதே ஆண்டு மார்ச்சில், லேமனைவிடச் சிறிய முதலீட்டு வங்கியான பேர் ஸ்டெர்ன்ஸ் தடுமாறியபோது மத்திய வங்கியின் துணையோடு அதை ஜே.பி. மார்கனிடம் ஒப்படைத்தார்கள்; அதன் பத்திரதாரர்கள் ஒரு காசும் இழக்கவில்லை. அதைவிடப் பெரிய நிறுவனத்தை விட்டுவிடுவார்கள் என்று எவர்தான் எதிர்பார்த்திருப்பார்? செப்டம்பரின் பீதியில் ஒரு பங்கு, மார்ச் மாத மீட்பு பெற்றுப் போட்ட பிள்ளை என்றே நான் கருதுகிறேன்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைச் சொல்லாமல் நகர முடியாது. சொத்து நன்றாக இருந்தும் அன்றைய கைப்பணம் போதாமல் தவிக்கும் வங்கி வேறு. சொத்தே கரைந்துபோன வங்கி வேறு. முதலாவதற்கு நல்ல ஈட்டை வாங்கிக்கொண்டு, உயர்ந்த வட்டியில், தயங்காமல் கடன் கொடுக்கலாம் என்று ஆங்கிலேய இதழாசிரியர் வால்டர் பேஜட் 1873இலேயே எழுதினார். அந்த விதியில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. இரண்டாம் வகை நிறுவனங்கள் அனைத்தும் தங்களை முதல் வகை என்று சொல்லிக்கொண்டே வருவதுதான் சிக்கல்.

அடுத்தது உத்தரவாதம். கையிலிருந்து ஒரு காசும் வெளியே போகாததால் அமைச்சர்களுக்கு மிகவும் பிடித்தமான வழி இது; அதே காரணத்தால் நான் மிகவும் அஞ்சும் வழியும் இதுவே. 2008 செப்டம்பர் 29 இரவு டப்ளினில் கூடிய அயர்லாந்து அரசு, விடிவதற்குள் ஆறு வங்கி நிறுவனங்களின் வைப்புகளுக்கும் பெரும்பாலான பத்திரங்களுக்கும் முழு உத்தரவாதம் அளிக்க முடிவுசெய்தது. உத்தரவாதத்துக்குள் வந்த தொகை சுமார் 44,000 கோடி யூரோ. அது நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். உலகிலேயே இதுவரை நடந்தவற்றில் மலிவான மீட்பு இதுதான் என்ற பொருளில் அப்போதைய நிதியமைச்சர் பிரையன் லெனிஹன் பேசினார். மேலே சொன்ன கணக்கில், பத்திரதாரர்களின் 14ஐ அரசு தன் பெயருக்கு எழுதிக்கொண்டதுதான் அந்த இரவு நடந்தது. பிறகு நட்டம் வெளிப்பட வெளிப்பட, சுமார் 6,400 கோடி யூரோ அந்த வங்கிகளுக்குள் போயிற்று; அதில் பாதிக்கும் மேல் ஆங்கிலோ ஐரிஷ், ஐரிஷ் நேஷன்வைடு என்ற இரண்டுக்கு மட்டும். வீட்டுமனைக் கடனில் மூழ்கிய அந்த இரண்டுமே பிற்பாடு மூடப்பட்டன. அரசின் 2010ஆம் ஆண்டுப் பற்றாக்குறை மொத்த உற்பத்தியில் 30 விழுக்காட்டைத் தாண்டியது. அந்த நவம்பரில் அயர்லாந்தே ஐரோப்பிய ஒன்றியத்திடமும் பன்னாட்டு நாணய நிதியத்திடமும் கையேந்த நேர்ந்தது.

உத்தரவாதம் என்றாலே அப்படித்தான் முடியும் என்று சொல்லிவிடவும் முடியாது. கிரைஸ்லர் கார் நிறுவனம் 1979இல் அமெரிக்க அரசை நாடியபோது, 150 கோடி டாலர் கடனுக்குத்தான் உத்தரவாதம் கிடைத்தது. அதற்கும் முன்னதாகத் தொழிலாளர்கள், கடன் கொடுத்த வங்கிகள், உதிரிபாகம் வழங்குவோர் ஆகிய அனைவரும் சேர்ந்து 200 கோடி டாலர் அளவுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று சட்டமே நிபந்தனை வைத்தது. 1983இல், கெடுவுக்கு ஏழாண்டு முன்னதாக, கடன் அடைக்கப்பட்டது. பங்கு வாங்கும் உரிமையை விற்ற வகையில் அரசுக்கு 30 கோடி டாலருக்கு மேல் வரவும் வந்தது. டப்ளினில் தொகைக்கு வரம்பு இல்லை, முன் நிபந்தனை இல்லை, பதிலுக்குப் பங்கு வாங்கும் உரிமையும் இல்லை. இங்கே மூன்றும் இருந்தன. வரம்பும் விலையும் இல்லாத உத்தரவாதம் எதுவாயினும் அதை எதிர்த்து வாக்களிப்பேன். அதே கிரைஸ்லர் 2008 டிசம்பரில் மறுபடியும் அரசின் வாசலுக்கு வந்து 400 கோடி டாலர் வாங்கிச் சென்றது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஒரு முறை திறந்த கதவின் முகவரி மறப்பதில்லை.

மூன்றாவது வழி, நிறுவனத்தை அதன் நிர்வாகத்திடமே விட்டுவிட்டு அரசு மூலதனத்தை ஊற்றுவது. 2008இல் அமெரிக்கா ஒதுக்கிய 70,000 கோடி டாலர்தான் இதன் பெரிய எடுத்துக்காட்டு. கருவூலம் முதலில் அனுப்பிய வரைவு மூன்று பக்கம். அதன் எட்டாவது பிரிவு, நிதியமைச்சரின் முடிவுகளை எந்த நீதிமன்றமும் எந்த நிர்வாக அமைப்பும் மறு ஆய்வு செய்ய முடியாது என்றது. அவ்வளவு பெரிய தொகைக்கு அவ்வளவு சிறிய காகிதம். செப்டம்பர் 29 அன்று கீழவை அந்தச் சட்டத்தைத் திருத்திய வடிவிலேயே 228க்கு 205 என்று நிராகரித்தது. பங்குச் சந்தை விழுந்தது. நான்கே நாளில், அக்டோபர் 3 அன்று, மற்றொரு திருத்திய வடிவம் நிறைவேறியது. முதல் வரைவை அப்படியே ஏற்றிருந்தால் பிற்பாடு நமக்குத் தெரியவந்தவற்றில் எவ்வளவு தெரியாமலே போயிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு.

இந்த மீட்பில் அரசுக்கு லாபமே வந்தது என்பது அதை ஆதரிப்பவர்களின் முதன்மை வாதம். வங்கிகளுக்குப் போன சுமார் 24,500 கோடி டாலருக்கு ஈடாகச் சுமார் 27,500 கோடி திரும்பி வந்தது உண்மை. ஆனால் தணிக்கையாளன் கேட்கும் கேள்வி வேறு: அந்த இடரை அந்த நாளில் ஏற்க முன்வந்த வேறொருவர் என்ன விலை கேட்டிருப்பார்? இதற்கு ஊகம் தேவையில்லை, ஏனெனில் அப்படி ஒருவர் இருந்தார். 2008 செப்டம்பரில் வாரன் பஃபெட் கோல்ட்மன் சாக்ஸில் 500 கோடி டாலர் போட்டபோது ஆண்டுக்கு 10 விழுக்காடு ஈவுத்தொகையும், போட்ட தொகை முழுவதற்கும் நிகரான பங்குகளைக் குறித்த விலைக்கு வாங்கும் உரிமையும் பெற்றார். அடுத்த மாதமே அதே நிறுவனத்தில் அரசு 1,000 கோடி டாலர் போட்டது. ஈவுத்தொகை முதல் ஐந்தாண்டுக்கு 5 விழுக்காடு, பங்கு வாங்கும் உரிமையோ போட்ட தொகையில் 15 விழுக்காட்டுக்கு மட்டும். இரு மடங்கு பணம் கொடுத்தவர் பாதி விலை வாங்கினார். தன் பணத்துக்கும் பிறர் பணத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இதைவிட நல்ல ஏட்டுக் குறிப்பு எனக்குத் தெரியாது. கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று நம்மவர்கள் சொன்னது இதைத்தான். இடரின் விலையையும் சேர்த்துக் கணக்கிட்ட எம்.ஐ.டி. பேராசிரியர் டெபோரா லூகாஸ், 2008 நெருக்கடி மீட்புகள் அனைத்துக்குமாகச் சேர்த்து அமெரிக்க அரசின் உண்மைச் செலவு ஏறத்தாழ 50,000 கோடி டாலர் என்று 2019இல் மதிப்பிட்டார். திரும்பி வந்த பணத்தை மட்டும் எண்ணி லாபம் என்பது, தீப்பிடிக்காத ஆண்டில் காப்பீட்டுக் கட்டணமே வாங்காமல் இருந்துவிட்டு நட்டம் இல்லை என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

ஏ.ஐ.ஜி. காப்பீட்டு நிறுவனத்தின் கதை இன்னும் சிக்கலானது. 2008 செப்டம்பர் 16 அன்று மத்திய வங்கி அதற்கு 8,500 கோடி டாலர் கடன் வரம்பு அளித்து, ஈடாக 79.9 விழுக்காடு உரிமையை எடுத்துக்கொண்டது, வட்டியும் கடுமையானது. பங்குதாரர்களைப் பொறுத்தவரை வரிசை காக்கப்பட்டது என்றே சொல்வேன். ஆனால் ஏ.ஐ.ஜி.யுடன் ஒப்பந்தம் போட்டிருந்த பெரிய வங்கிகளுக்கு அவர்களின் கோரிக்கை நூற்றுக்கு நூறு தீர்க்கப்பட்டது. கோல்ட்மன் சாக்ஸுக்கு மட்டும் சுமார் 1,290 கோடி டாலர் போயிற்று. திவால் நீதிமன்றத்தில் வரிசையில் நின்றிருந்தால் அவர்கள் நூறு பெற்றிருப்பார்கள் என்று எவரும் நம்பவில்லை. கடைசியில் அரசு சுமார் 2,270 கோடி டாலர் கூடுதலாகத் திரும்பப் பெற்றது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: ஏ.ஐ.ஜி.யின் முன்னாள் தலைவரின் நிறுவனம், மீட்பின் நிபந்தனைகள் மிகக் கடுமையானவை என்று அரசின் மீதே வழக்குத் தொடுத்தது. இழப்பீடாக ஒரு டாலரும் கிடைக்கவில்லை.

நான்காவது வழியான அரசே உடைமையாக்கிக்கொள்வதைச் சந்தையில் நம்பிக்கை உள்ளவர்கள் வெறுப்பார்கள். எனக்கோ, நேரடிப் பணம் போட்டே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், இதுவே மற்றவற்றைவிட நேர்மையானதாகத் தோன்றுகிறது. சுவீடனில் 1990களின் தொடக்கத்தில் வீட்டுமனை விலை சரிந்தபோது, கோட்டா வங்கி அரசின் கைக்கு வந்தது, அதன் பங்குதாரர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. முன்பே அரசுக்குப் பெரும்பங்கு இருந்த நூர்ட்பாங்கன் வங்கி முழுமையாக அரசுடைமை ஆயிற்று. அழுகிய கடன்கள் செக்யூரும் என்ற தனி நிறுவனத்துக்கு மாற்றப்பட்டு, 1997க்குள் விற்றுத் தீர்க்கப்பட்டன. தொடக்கச் செலவு மொத்த உற்பத்தியில் சுமார் 4 விழுக்காடு. அதில் பெரும்பகுதி பிற்பாடு மீண்டது. அரசுப் பணம் வேண்டுமா, அப்படியானால் முதலில் நட்டத்தை ஒளிக்காமல் எழுது, பிறகு பங்கைக் கொடு என்பதே அவர்களின் நடைமுறை. இப்படிக் கேட்டால் உண்மையிலேயே தேவைப்படாதவர்கள் வரிசையிலிருந்து விலகிவிடுவார்கள். ஹேண்டல்ஸ்பாங்கன் அரசின் மூலதனம் இல்லாமலே தப்பியது. இருந்தாலும் இந்த எடுத்துக்காட்டைப் புகழ்பவர்கள் விட்டுவிடும் பக்கம் ஒன்று உண்டு. சுவீடனும் கடன் கொடுத்தவர்கள் அனைவருக்கும் உத்தரவாதம் அளித்தது. நம் கணக்கில் 6 போயிற்று, 14 தப்பியது. தவிர, 1992 நவம்பரில் நாணயத்தின் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கும்படி மிதக்கவிட்டதால் ஏற்றுமதி பெருகி நாடு மீண்டது. அதற்கான பாராட்டையும் வங்கி மீட்பே வாங்கிக்கொண்டது.

தொழில் நிறுவனங்களில் இதற்கு இணையானது ஜெனரல் மோட்டார்ஸ். 2009 ஜூன் 1 அன்று அது திவால் நீதிமன்றத்துக்குள் போய், ஜூலை 10 அன்று புதிய நிறுவனமாக வெளியே வந்தது. பழைய பங்குகள் வெற்றுக் காகிதமாயின. அரசுக்குச் சுமார் 61 விழுக்காடு. கார்த் தொழிலுக்குப் போட்ட ஏறத்தாழ 8,000 கோடி டாலரில் 900 கோடிக்கும் அதிகமான தொகை திரும்பி வராமலே போயிற்று. வங்கிகளுக்குக் கொடுத்ததில் லாபம், கார்த் தொழிலில் நட்டம் என்று பட்டியல் போடுவார்கள். எனக்கு அந்தப் பட்டியலே தலைகீழாகப் படுகிறது. நீதிமன்றத்தின் வழியாக, பழைய உடைமையாளர்களைத் துடைத்துவிட்டுச் செய்த மீட்பில் நட்டம் எவ்வளவு என்பது ஏட்டில் வெளிப்படையாக நிற்கிறது. வங்கி மீட்பின் விலை, எல்லோரும் ‘அடுத்த முறையும் வருவார்கள்’ என்று கற்றுக்கொண்டதில் மறைந்து கிடக்கிறது. லுஃப்தான்சாவுக்கு 2020இல் ஜெர்மனி உதவியபோது 30 கோடி யூரோவுக்கு 20 விழுக்காடு பங்கை எடுத்து, 2022இல் 76 கோடி யூரோ லாபத்தில் விற்றது. அரசால் பேரம் பேச முடியாது என்பது பொய் என்பதற்கு அதைக் காட்டலாம்.

ஐந்தாவது, பத்திரதாரர்களையும் பெரிய வைப்பாளர்களையும் உள்ளிருந்தே நட்டத்தைத் தாங்கச் செய்வது. தாளில் இதுவே என் கணக்குக்கு மிக நெருங்கியது. நடைமுறையில் முதல் பெரிய சோதனையே தடுமாறியது: 2013 மார்ச்சில் சைப்ரஸில் காப்பீட்டு வரம்பான ஒரு லட்சம் யூரோவுக்கு உட்பட்ட சிறு வைப்புகளிலும் 6.75 விழுக்காடு பிடிப்பதாக முதலில் அறிவித்தார்கள். காப்பீடு என்று எழுதிக் கொடுத்துவிட்டு அதிலேயே கைவைப்பது வரிசையை அடியிலிருந்து கலைப்பதாகும். நாடாளுமன்றத்தில் அதற்கு ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. ஏறத்தாழ இரண்டு வாரம் வங்கிகள் மூடிக்கிடந்தன. பிறகு சிறு வைப்புகளை விட்டுவிட்டு, பாங்க் ஆஃப் சைப்ரஸின் பெரிய வைப்புகளில் 47.5 விழுக்காடு பங்குகளாக மாற்றப்பட்டது. முதல் நாளே செய்திருக்க வேண்டியதைப் பெரும் அச்சத்தை விதைத்த பிறகு செய்தார்கள்.

இந்த முறையை விதியாகவே எழுதிவைத்த ஐரோப்பாவில், 2017 ஜூன் மாதம் ஒரு சோதனைக்கூடம் போல அமைந்தது. ஜூன் 7 அன்று ஸ்பெயினின் பாங்கோ பாப்புலர் ஒரு யூரோவுக்குச் சாண்டாண்டரிடம் விற்கப்பட்டது, பங்குதாரர்களும், பத்திரதாரர்களில் முதலில் நட்டம் தாங்க வேண்டிய கீழ்நிலையினரும் அனைத்தையும் இழந்தார்கள், வரிப்பணம் தேவைப்படவில்லை, கிளைகள் வழக்கம்போலத் திறந்தன. பதினெட்டே நாள் கழித்து, ஜூன் 25 அன்று, இத்தாலி வெனிட்டோ பகுதியின் இரண்டு வங்கிகளை அதே ஒரு யூரோ விலைக்கு இன்டேசா சான்பாவ்லோவிடம் கொடுத்தது. ஆனால் கூடவே அரசு சுமார் 480 கோடி யூரோ ரொக்கமும் மேற்கொண்டு உத்தரவாதங்களும் தந்தது. மேல்நிலைப் பத்திரதாரர்கள் ஒன்றும் இழக்கவில்லை. விதி ஒன்று, மாதம் ஒன்று, விற்ற விலையும் ஒன்று. விளைவு மட்டும் இரண்டு. இத்தாலியில் வங்கிப் பத்திரங்களைச் சாதாரணச் சேமிப்பாளர்களுக்கே விற்றிருந்தார்கள் என்பதால் வரிசையைக் காக்கும் அரசியல் துணிவு அங்கே இல்லை. எனவே இந்த வழியைத் தேர்வதென்றால், நட்டம் தாங்கும் பத்திரங்களை வைப்பு என்று நம்பி வாங்கக்கூடியவர்களிடம் விற்பதை முன்கூட்டியே தடுத்தாக வேண்டும். நெருக்கடி வந்த பிறகு விதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பயனில்லை. காப்பீட்டு வரம்பும் அப்படியே. 2023 மார்ச் 9 அன்று ஒரே நாளில் அமெரிக்காவின் சிலிக்கன் வேலி வங்கியிலிருந்து 4,200 கோடி டாலர் வெளியேறியது. அதன் வைப்புகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் 2,50,000 டாலர் வரம்பைத் தாண்டியவை. மூன்றாம் நாள் அனைத்துக்கும் முழுப் பாதுகாப்பு அறிவிக்கப்பட்டது. பங்குதாரர்களையும் பத்திரதாரர்களையும் இழக்கவிட்டது சரி. வரம்பு என்று அச்சிட்ட எண்ணுக்கு இனி என்ன பொருள் என்பதற்குத்தான் விடை இல்லை.

ஐஸ்லாந்தை இந்த வழியின் வெற்றியாகக் காட்டுவோர் உண்டு. 2008 அக்டோபரில் அங்கே மூன்று பெரிய வங்கிகளும் விழுந்தபோது, அவசரச் சட்டத்தால் வைப்பாளர்கள் முன்னுக்கு வைக்கப்பட்டார்கள், வெளிநாட்டுப் பத்திரதாரர்கள் நட்டத்தை ஏற்றார்கள். அது கொள்கைத் துணிவு என்று சொல்ல எனக்குத் தயக்கம். நாட்டு உற்பத்தியைப் போல ஒன்பது, பத்து மடங்கு பெரிய வங்கிகளை அந்த அரசால் மீட்டிருக்கவே முடியாது. நாட்டுக்கு வெளியே பணம் போவதைத் தடுக்கும் மூலதனக் கட்டுப்பாடுகள் 2017 வரை நீடித்தன.

நிறுவனத்தை விட்டுவிட்டு ஆட்களைக் காப்பது என்ற வழி கேட்க இனிமையானது. 2020 தொற்றுக் காலத்தில் அமெரிக்கா சிறு நிறுவனங்களுக்குச் சம்பளம் கொடுக்கவென்று சுமார் 80,000 கோடி டாலரைத் தள்ளுபடியாகும் கடனாகக் கொடுத்தது; அதில் 23 முதல் 34 விழுக்காடு மட்டுமே, இல்லாவிட்டால் வேலை இழந்திருக்கக்கூடிய தொழிலாளர்களைச் சேர்ந்தது என்று பிற்பாடு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்; மீதி உடைமையாளர்களையும் கடன் கொடுத்தவர்களையும் சேர்ந்தது. நெல்லுக்கு இறைத்த நீர் புல்லுக்குப் பொசிவது இயல்பு. இங்கே புல்லுக்குப் போனதுதான் அதிகம். ஜெர்மனியின் குறைநேர வேலைத் திட்டத்திலோ இழந்த நிகரச் சம்பளத்தில் 60 விழுக்காடு, பிள்ளைகள் இருந்தால் 67 விழுக்காடு என்று தொழிலாளியின் இழப்பை ஒட்டியே தொகை கணக்கிடப்படுகிறது. அந்தக் குழாய் நெருக்கடிக்குப் பல பத்தாண்டுகள் முன்பே பதிக்கப்பட்டிருந்தது என்பதுதான் வேறுபாடு.

இவை எதுவும் செய்யாமல், எதுவும் நடக்காதது போல இருப்பதும் ஒரு மீட்புதான். பலரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தணிக்கை அலுவலகத்தில் இருந்தபோது ஒரு கோப்பு ஆண்டுதோறும் என் மேசைக்கு வரும். கணக்காண்டு முடிவதற்கு மூன்று நாள் முன்பு அந்த நிறுவனத்தின் கணக்கில் ஒரு புதுக் கடன் வரவாகும். மறுநாளே அதில் பெரும்பகுதி பழைய கடனின் வட்டியாகப் பற்று எழுதப்படும். ஏட்டின்படி அது ஒழுங்காக வட்டி கட்டும் கடன். மூன்றாம் ஆண்டில் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன். நான்காம் ஆண்டில் கோப்பு வேறொருவர் மேசைக்குப் போய்விட்டது. ஜப்பானிய வங்கிகள் 1990களில் இதையே நாடு தழுவிய அளவில் செய்தன. 1997 நவம்பரில் ஹொக்கைடோ தக்குஷோக்கு வங்கியும் யமாய்ச்சி பங்குத் தரகு நிறுவனமும் விழும் வரை நட்டம் எங்கும் ‘இல்லை’. நட்டம் வந்தால் யாரோ தாங்குவார்கள் என்று தெரிந்த நிறுவனம் செலவைக் கட்டுப்படுத்தாது என்பதை ஹங்கேரியப் பொருளியலாளர் யானோஷ் கோர்னாய் சோசலிச நாடுகளின் அரசு ஆலைகளைப் பார்த்துச் சொன்னார். தனியார் வங்கிகளுக்கும் அது அச்சுப் பிசகாமல் பொருந்துகிறது.

ஆகவே வாக்குச் சீட்டு என் கையில் இருந்தால் வரிசை இப்படி இருக்கும். கைப்பணத் தட்டுப்பாடு மட்டும் என்றால் ஈட்டின் பேரில் உயர்வட்டிக் கடன். சொத்தே கரைந்துவிட்டது என்றால் பங்குதாரர், பத்திரதாரர் என்ற வரிசையில் உள்ளிருந்தே நட்டத்தைத் தாங்கச் செய்வது. அது போதாமல் பொது நிதி வந்தே ஆக வேண்டும் என்றால், பழைய உடைமையாளர்களை முழுமையாக வெளியேற்றிவிட்டு, நிர்வாகத்தையும் மாற்றிவிட்டு, அரசுடைமை. தொழில் நிறுவனம் என்றால் திவால் நீதிமன்றத்தின் வழியாக மட்டுமே. வரம்புள்ள, விலை வைத்த உத்தரவாதத்தை அரை மனத்தோடு ஏற்பேன்; வரம்பற்ற உத்தரவாதத்தையும், நிர்வாகத்தை நாற்காலியிலேயே விட்டுவைத்துப் பணம் ஊற்றுவதையும், கண்ணை மூடிக்கொள்வதையும் ஏற்கமாட்டேன்.

ஒரு வழி எஞ்சுகிறது: தடுமாறும் வங்கியை இன்னொரு பெரிய வங்கியின் தலையில் கட்டுவது. வரிப்பணம் போகாது, ஞாயிறு இரவே முடிந்துவிடும் என்பதால் அதிகாரிகளுக்கு இதன்மேல் ஒரு மோகம். 2023 மார்ச் 19 அன்று கிரெடிட் சுவிஸ் இப்படித்தான் யு.பி.எஸ். வசம் போயிற்று. அதன் பங்குதாரர்களுக்கு 300 கோடி சுவிஸ் ஃபிராங்க் கிடைத்தது. அவர்களுக்கு மேலே நிற்க வேண்டிய ஒரு வகைப் பத்திரதாரர்களின் சுமார் 1,600 கோடி ஃபிராங்க் பூஜ்யமாக எழுதப்பட்டது. வரிசை கலைந்ததோடு, இப்போது அந்த நாட்டில் இருப்பது தேசிய உற்பத்தியைப் போல ஏறத்தாழ இரு மடங்கு பெரிய ஏட்டைக் கொண்ட ஒரே வங்கி. அதற்கு ஒரு நாள் தடுமாற்றம் வந்தால் தலையில் கட்டுவதற்கு உள்நாட்டில் வேறு தலை இல்லை. 2008இல் அரசிடமிருந்து 600 கோடி ஃபிராங்க் மூலதனம் பெற்று, அழுகிய சொத்துகளை மத்திய வங்கியிடம் இறக்கிவைத்தது இதே யு.பி.எஸ்.; அன்று அரசின் பணம் வேண்டாம் என்று கத்தாரிலிருந்து மூலதனம் திரட்டிக்கொண்டது கிரெடிட் சுவிஸ்.